டிரெயினிங்னாலே தூக்கம் வருதுன்னு சொல்றவங்களுக்கு: என் அனுபவம், உங்களோடதும் சொல்லுங்க

திருப்பூர்ல பனியன் கம்பெனிகளுக்குத் தீப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கறது என் வேலை. முதல் ரெண்டு வருஷம் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் புரொஜெக்டர் போட்டு ஸ்லைடு ஸ்லைடா ஓட்டினேன். பாதிப் பேர் கண்ணை மூடிக்குவாங்க, மீதிப் பேர் கடிகாரத்தையே பார்ப்பாங்க. இவங்களுக்கு அக்கறையே இல்லைன்னு நினைச்சேன்.

ஒரு நாள் ஓவர்லாக் டெய்லர் ஒருத்தர் வகுப்பு முடிஞ்சதும் வந்து, "சார், நாங்க பீஸ் ரேட்டுங்க, தைக்கற பீஸ் கணக்குக்குத்தான் கூலி. இங்க உக்காந்த ஒரு மணி நேரத்துக்கு யாருங்க காசு குடுப்பா?"ன்னு கேட்டார். எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. இப்போ எங்க போனாலும் இந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டுன்னு முதலாளி வாயாலயே சொல்ல வச்சுட்டுத்தான் ஆரம்பிக்கறேன். ஒரு பேட்சுக்கு 15 பேர், அரை மணி நேரம், அவ்வளவுதான்.

ஸ்லைடையும் விட்டுட்டேன். ரீஃபில் தேதி நெருங்கின தீயணைப்பு சிலிண்டரா எடுத்து வச்சு, வெளியே தகர டிரேயில தீ மூட்டி, அவங்களையே அணைக்கச் சொல்றேன். முதல் தடவை, தைச்ச துணியைச் சரிபார்க்கற செக்கிங் அக்கா ஒருத்தங்க வந்தாங்க, ஐம்பது வயசு இருக்கும். லீவர் அமுங்காமத் தடுக்கற பூட்டுப் பின்னை இழுக்கறாங்க, வரவே இல்ல. "ஏனுங்க தம்பி, துருப் புடிச்சுருச்சுங்களா?"ன்னாங்க. கிட்டப் போய்ப் பார்த்தா, இன்னொரு கையால லீவரை இறுக்கி அமுக்கிட்டே இழுக்கறாங்க. அமுக்கினா பின் இறுகிக்கும். கையைத் தளர்த்தச் சொன்னேன். பிளாஸ்டிக் சீல் பட்டுன்னு அறுந்து பின் கையோட வந்துச்சு. பதட்டத்துல யாரும் அப்படித்தான் பிடிப்பாங்க. என் ஸ்லைடுல இதைப் பத்தி ஒரு வரிகூட இருந்ததில்ல!

6 கிலோ பவுடர் சிலிண்டர் சுமார் 20 நொடியில காலியாயிடும். தீக்கொழுந்தைப் பார்த்து அடிச்சா வீண், தீயோட அடியில அடிக்கணும். அடுத்த பேட்சுக்கு அந்த அக்காவே இதைச் சொல்லிக் கொடுத்தாங்க. தமிழ் தெரியாத ஒடிசாப் பசங்களுக்குக் கையைப் பிடிச்சே காட்டினாங்க.

மறுமொழி (செவிலியர், மதுரை):
எங்க வார்டுல கை கழுவற பயிற்சின்னா எல்லாருக்கும் சலிப்பு. ஒரு தடவை, புற ஊதா விளக்குல மின்னற லோஷனைத் தடவிக் கழுவச் சொன்னாங்க. கழுவிட்டு விளக்குக்குக் கீழ காட்டினா கட்டைவிரலும் நக இடுக்கும் பளபளன்னு மின்னுது. 18 வருஷ சர்வீஸ் எனக்கு. மறுபடி போய்க் கழுவிட்டு வந்தேன், யாரும் சொல்லாமலே.

மறுமொழி:
அந்த நேரத்துக்குச் சம்பளம் தர முடியாதுன்னு முதலாளி சொல்லிட்டா என்ன செய்வீங்க அண்ணா?

மறுமொழி (பதிவிட்டவர்):
ரெண்டு இடத்துல அப்படி ஆச்சு தம்பி. பயிற்சி எடுக்காமத் திரும்பி வந்துட்டேன். ஒருத்தர் மூணு மாசம் கழிச்சுக் கூப்பிட்டு, சம்பளத்தோடவே ஏற்பாடு பண்ணிட்டேன்னார். இன்னொருத்தர் இன்னும் கூப்பிடல.