64 பிட் மெஷின்ல செஸ் ப்ரோக்ராம் தப்பா நகர்த்துது, அவசரம்

சிப்பாய்_ஏ2:
புதுசா அத்லான் 64 (64 பிட் ப்ராசஸர்) வாங்கி என் செஸ் இன்ஜினை அதுல கம்பைல் பண்ணேன், எரர் ஒண்ணும் வரல, ஆனா பெர்ஃப்ட் (ஒவ்வொரு ஆழத்துலயும் எத்தனை நகர்வு வரிசை வருதுன்னு எண்ணிப் பாக்குற சோதனை) தப்பா வருது. பழைய பென்டியம் 3-ல இதே கோட் சரியா ஓடுது. பிட்போர்டுக்காகவே (64 கட்டத்தையும் 64 பிட்டா ஒரே எண்ல வைக்கிற முறை) வாங்குன மெஷின், யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்

கறுப்புக்குதிரை:
எந்த ஓஎஸ்? கம்பைலர் எது? பெர்ஃப்ட் எத்தனாவது ஆழத்துல தப்புது?

மின்விசிறி:
ரேம் தான் காரணம். புது போர்டுல இப்படி நிறைய பாத்துட்டேன், ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓட விடுங்க.

எண்ணெய்விளக்கு:
கம்பைலர் ஜிசிசி 4.0-வா? அது 2005 ஏப்ரல்ல தான் வந்துச்சு, நம்பாதீங்க. 3.4-க்கு போங்க, இல்லாட்டி ஆப்டிமைசேஷனை (கம்பைலர் கோடை வேகப்படுத்துறது) எடுத்துட்டு ஓட்டிப் பாருங்க.

சிப்பாய்_ஏ2:
லினக்ஸ் 64, ஜிசிசி. முதல் ஆழத்துல 20 வருது, ரெண்டாவதுல 400 வராம ரொம்ப கம்மியா வருது. ஆப்டிமைசேஷன் இல்லாமயும் அதே தான்.

பழையபெருச்சாளி:
இதுக்கு தான் முதல்ல சி மொழிய ஒழுங்கா படிச்சுட்டு இன்ஜின்ல கை வைக்கணும்னு பல தடவ எழுதிட்டேன். டேட்டா டைப்போட அளவு தெரியாம 64 பிட் எதுக்கு? இங்க பழைய இழைகள்லயே விடை இருக்கு, தேடுங்க.

கறுப்புக்குதிரை:
பெருச்சாளி சார், அவர் கேட்டதுக்கு பதில் இருந்தா சொல்லுங்களேன். தம்பி, 20 சரி 400 தப்புன்னா வெள்ளை நகர்றது சரி, கறுப்பு தான் தப்புன்னு அர்த்தம். ஏ1 கட்டத்தை 0-வது பிட்டா வச்சா வெள்ளைக் காய் எல்லாம் கீழ் 32 பிட்ல, கறுப்பு எல்லாம் மேல் 32-ல. 1-ஆ இருக்குற முதல் பிட்டை, அதாவது காய் இருக்குற கட்டத்தைத் தேடுற ஃபங்ஷனை எப்படி எழுதியிருக்கீங்க?

சிப்பாய்_ஏ2:
யூனியன் (ஒரே மெமரி இடத்தை ரெண்டு விதமா பாக்குறது). ஒரு அன்சைன்ட் லாங் லாங் (64 பிட் எண்), கூடவே ரெண்டு அன்சைன்ட் லாங் உள்ள அர்ரே. முதல் பாதி சைபரா இல்லன்னா அதுல தேடும், சைபர்னா ரெண்டாவதுல தேடி 32 கூட்டும்.

சதுரங்கன்:
இவ்வளவு சிரமம் எதுக்கு, பிட்போர்டையே விட்ருங்க. 2005 ஆகஸ்ட்ல ரெய்க்யாவிக் கம்ப்யூட்டர் செஸ் உலகப் போட்டில ரெண்டாவது வந்த ஃப்ரூட் இன்ஜின், கட்டத்துக்கு ஒரு இடம்னு வைக்கிற சாதா அர்ரே போர்டு தான், சோர்ஸும் கிடைக்குது.

எண்ணெய்விளக்கு:
முதல்ல வந்த ஸாப்பா பிட்போர்டு தானே, அத ஏன் சொல்லல?

சதுரங்கன்:
ஸாப்பா ஜெயிச்சது தேடல்னால (நகர்வுகளை முன்கூட்டி ஆராயுறது), போர்டுனால இல்ல. 1977 டொரான்டோ உலகப் போட்டில ஜெயிச்ச செஸ் 4.6 இன்ஜினுக்கு சிடிசி மெஷின்ல வேர்டே (மெஷின் ஒரே தடவைல கையாள்ற அளவு) 60 பிட், 64 கட்டத்துக்கு 4 பத்தாது. ஒரு போர்டுக்கு ரெண்டு வேர்டு செலவு பண்ணியும் ஜெயிச்சாங்கல்ல!

கறுப்புக்குதிரை:
அப்ப அவங்களும் பிட்போர்டு தானே சார்! 64 கட்டம் ஒரே ரெஜிஸ்டர்ல (ப்ராசஸருக்குள்ள எண்ணை வைக்கிற இடம்) உக்காரணும்னா நேத்து வரைக்கும் ஆல்ஃபா மாதிரி 64 பிட் மெஷின் வேணும், நம்மள மாதிரி வீட்ல உக்காந்து எழுதுறவன் அத வாங்க முடியுமா? 2003 செப்டம்பர்ல அத்லான் 64 வந்தப்புறம் தான் கைக்கு எட்டுச்சு. 32 பிட்ல ஒரு ஏண்ட் (AND, பிட் வாரியா ஒப்பிடுறது) போட ரெண்டு இன்ஸ்ட்ரக்‌ஷன், ஷிஃப்ட்னா அதுக்கும் மேல. இங்க ஒண்ணே போதும், பொது ரெஜிஸ்டரும் 8-க்கு பதில் 16. இத விட்டுட்டு போகச் சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

தம்பி, உங்க தப்பு அந்த யூனியன்ல தான். 64 பிட் லினக்ஸ்ல லாங் 4 பைட் இல்ல, 8 பைட். அதனால முதல் "பாதி"லயே போர்டு முழுசா வந்துடுது. கறுப்புக் காய் மட்டும் இருந்தா அது சைபர் இல்ல, அதனால உங்க கோட் அதுலயே தேடுது, ஆனா முதல் பிட்டைத் தேடுற உங்க பிஎஸ்எஃப் ஃபங்ஷன் அன்சைன்ட் இன்ட் (32 பிட்) வாங்குதுன்னா மேல் பாதிய வெட்டிட்டு சைபரைத் தான் பாக்கும். சைபருக்கு பிஎஸ்எஃப் என்ன குடுக்கும்னு உத்தரவாதமே கிடையாது. அர்ரேவ அன்சைன்ட் இன்ட்டுக்கு மாத்துங்க. சரியானப்புறம் யூனியனையே தூக்கிட்டு 64 பிட் பிஎஸ்எஃப் போடுங்க, வேகம் அதுல தான் இருக்கு.

மின்விசிறி:
விண்டோஸ் எக்ஸ்பி 64-ல ஓட்டியிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது, அங்க லாங் இன்னும் 4 பைட் தான்.

பழையபெருச்சாளி:
அதத்தான் நான் முதல்லயே சொன்னேன்.

சிப்பாய்_ஏ2:
இன்ட்டா மாத்திட்டேன். ரெண்டாவது ஆழத்துலேர்ந்து வரிசையா 400, 8902, 197281. நன்றி ணா.

கறுப்புக்குதிரை:
அஞ்சாவது 4865609 வரணும், பாத்துட்டு சொல்லுங்க. பென்டியம்ல எவ்வளவு நேரம், இதுல எவ்வளவு நேரம்னும் போடுங்க தம்பி.

சதுரங்கன்:
ஃப்ரூட்டையும் அதே மெஷின்ல 64 பிட்ல கம்பைல் பண்ணிப் பாருங்க, அப்புறம் பேசலாம்.