புதுப்பிப்பு: அட்டை நெசவுக் கரை முறுக்கிக்கொண்டதற்குக் காரணம்

அட்டை நெசவில், மூலைக்கொரு துளையுள்ள சதுர அட்டைகளில் பாவு நூலை (நீளவாட்டு நூலை) கோத்து, அட்டைகளைத் திருப்பித் திருப்பி நெய்வோம். வைக்கிங் மேலங்கியின் கழுத்துக்கு 16 அட்டையில், 64 பாவு நூலில் இப்படி நெய்த கம்பளிக் கரை திருகிக்கொள்கிறது, அகலமும் சீராக இல்லை என்று முன்பு எழுதியிருந்தேன். இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டது.

திருகலுக்குக் காரணம் நூல் கோத்த திசை. எல்லா அட்டையிலும் ஒரே பக்கமாகக் கோத்தால் முறுக்கு முழுவதும் ஒரே பக்கம் சேரும். ஒன்றை இடமிருந்தும் அடுத்ததை வலமிருந்தும் மாற்றிக் கோத்தால் கரை தட்டையாகப் படுக்கும். அட்டைகளுக்குப் பின்னால் சேரும் முறுக்கு வேறு: 16 கால்சுற்று முன்னால் திருப்பினால், 16 பின்னால் திருப்ப வேண்டும். திசை மாறும் இடத்தில் கோலம் கண்ணாடி பிம்பம்போல மடங்கும். அதுவே ஓர் அழகு.

அகலம் மாறியதற்கு ஊடையை (குறுக்கு நூலை) இழுத்த விதம்தான் காரணம். ஓரத்தில் ஊடையைச் சின்ன வளையமாக விட்டு, அட்டையைத் திருப்பிய பிறகே அதை இழுங்கள். ஊடை, ஓர நூலின் நிறத்திலேயே இருந்தால் வெளியே தெரியாது.

தைக்கும் முன் வெதுவெதுப்பான நீரில் நனைத்துக் காயவையுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே கரை சுருங்கி, கழுத்துத் துணியைச் சுருக்கிவிடும்.

கரையைக் குறுகலாகவே வைக்கலாம். சுவீடனில் இருந்த வைக்கிங் கால வணிக ஊரான பிர்காவில் கிடைத்த வெள்ளி இழைப் பட்டுக் கரைகள் பல ஒரு சென்டிமீட்டரை ஒட்டியவைதான்.