ரெண்டு மைக் மாட்டினால் ஒன்றுதான் கேட்கிறது, ஞாயிறுக்குள் சரியாக வேண்டும்

குடந்தைப்பொண்ணு (வியாழன், இரவு 10.40)
வணக்கம். வீட்டில் பாட்டும் மிருதங்கமும் ரெக்கார்ட் பண்ண ரெண்டு மைக் வாங்கினேன். மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டியில் (ஆடியோ இன்டர்ஃபேஸ்) செருகினால் ஒன்றில் மட்டும்தான் சத்தம் வருகிறது, இன்னொன்று ஊமை. எல்லாம் சரியாகத்தான் மாட்டியிருக்கிறேன். ஞாயிறு காலை அத்தை பெண் பாட வருகிறாள். சீக்கிரம் சொல்லுங்கள் ப்ளீஸ்.

லூப்மன்னன் (10.52)
எந்தப் பெட்டி? எந்த மைக்? விண்டோஸா, மேக்கா? எதில் ரெக்கார்ட் பண்ணுகிறீர்கள்? "எல்லாம் சரியாக" என்றால் நாங்கள் என்னத்தைக் கண்டோம்.

விண்டோஸ் வைத்தியர் (10.58)
டிரைவர்தான். நூற்றுக்குத் தொண்ணூறு டிரைவர்தான். ஏஎஸ்ஐஓ4ஆல் என்கிற டிரைவரைப் போட்டு லேப்டாப்பை ரீஸ்டார்ட் பண்ணுங்கள்.

மைக்செட் பாண்டி (11.05)
தங்கச்சி, ரெண்டு மைக்கையும் இடம் மாற்றிச் செருகிப் பாரும்மா. ஊமை மைக்கோடு போகிறதா, ஓட்டையிலேயே நிற்கிறதா? அது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒலிக்கூடம் (11.20)
மாதம் நாலு பேர் இதே கேள்வியோடு வருகிறார்கள். பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் வழக்கமே ஒழிந்துவிட்டது. கண்டென்சர் மைக் என்றால் அதற்கு மின்சாரம் ஊட்ட வேண்டும், பெட்டியில் உள்ள 48 வோல்ட் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினீர்களா? இதையும் நான்தான் வந்து கேட்க வேண்டியிருக்கிறது.

குடந்தைப்பொண்ணு (11.31)
48 விளக்கு சிவப்பாக எரிகிறது சார். ரெண்டும் கண்டென்சர், ஒரே மாடல். விண்டோஸ் லேப்டாப், ஆடாசிட்டி. பாண்டி அண்ணா சொன்னபடி மாற்றிப் பார்த்தேன். ஊமை ரெண்டாவது ஓட்டையிலேயே நிற்கிறது. டிரைவரும் போட்டாச்சு, ஒன்றும் ஆகவில்லை.

லூப்மன்னன் (11.36)
அப்படியென்றால் ஆடாசிட்டியில் ரெக்கார்டிங் சேனல் "1 மோனோ" என்று இருக்கும். "2 ஸ்டீரியோ" ஆக்குங்கள். ஒரு மைக் இடது பக்கம், இன்னொன்று வலது பக்கம் விழும். அப்புறம் டிராக்கைப் பிரித்துக்கொள்ளலாம்.

குடந்தைப்பொண்ணு (11.44)
இப்போது ரெண்டு கோடு வருகிறது. மேல் கோடு ஆடுகிறது, கீழ்க் கோடு அப்படியே படுத்துக் கிடக்கிறது :(

விண்டோஸ் வைத்தியர் (11.47)
டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

சின்னத்தம்பி88 (11.55)
எதற்கு இவ்வளவு பாடு? ஒரு ஒய் கேபிள் வாங்கி ரெண்டு மைக்கையும் நல்ல ஓட்டையில் போட்டுவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், 150 ரூபாய்தான்.

ஒலிக்கூடம் (வெள்ளி, காலை 6.10)
சின்னத்தம்பி, இந்த மாதிரி யோசனையால்தான் நான் காலையில் காப்பி ஆறவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மைக்கின் சிக்னலை இன்னொரு மைக் இழுத்துச் சாப்பிடும். ஒரு ஓட்டைக்கான 48 வோல்ட் 6.8 கிலோ ஓம் மின்தடைகள் வழியாகத்தான் வருகிறது, ரெண்டு கண்டென்சர் அதைப் பங்கு போட்டால் வோல்ட் இறங்கும். போதாததற்குப் பாட்டும் மிருதங்கமும் ஒரே டிராக்கில் ஒட்டிக்கொள்ளும். மிருதங்கம் தூக்கலாக இருந்தால் பாட்டைத் தனியாக ஏற்றவே முடியாது.

சின்னத்தம்பி88 (7.02)
எனக்கு நன்றாகத்தான் வந்தது சார். வீட்டில் எல்லோரும் கேட்டுப் பாராட்டினார்கள்.

ரயில்வே காலனி (7.30)
ரெண்டு யுஎஸ்பி மைக் வாங்கியிருந்தால் பெட்டியே வேண்டாமே?

லூப்மன்னன் (7.41)
அது தனித் தலைவலி. ஒவ்வொரு யுஎஸ்பி மைக்குக்குள்ளும் தனிக் கடிகாரம் ஓடும். பத்து லட்சத்துக்கு 50 வித்தியாசம் என்றாலே நிமிடத்துக்கு 3 மில்லி செகண்ட். பத்து நிமிட ராகம் முடிவதற்குள் 30 மில்லி செகண்ட், மிருதங்கம் பாட்டைத் துரத்துகிற மாதிரி கேட்கும். மேக்கில் ரெண்டையும் ஒரே கருவியாகச் சேர்த்து அந்த நழுவலைத் திருத்த வழி இருக்கிறது. விண்டோஸில் அது அவ்வளவு சுலபமில்லை.

மைக்செட் பாண்டி (8.15)
எல்லோரும் கொஞ்சம் பொறுங்கள். தங்கச்சி, அந்த ரெண்டாவது ஓட்டை எப்படி இருக்கிறது? முதல் ஓட்டை மாதிரி மூன்று துளையா, இல்லை வெறும் வட்டமா? அதில் போட்ட கேபிளின் முனை எப்படி?

குடந்தைப்பொண்ணு (12.50)
இப்போதுதான் மதிய இடைவேளை அண்ணா. மைக் பக்கம் மூன்று கம்பி, பெட்டிப் பக்கம் தடியாக ஒரே குச்சி. ரெண்டாவது ஓட்டை வெறும் வட்டம்தான், பக்கத்தில் கித்தார் படம் போட்டிருக்கிறது. கடைக்காரர் "இது ரெண்டாவது ஓட்டைக்கு" என்று சொல்லித்தான் கேபிளைக் கொடுத்தார்.

மைக்செட் பாண்டி (1.05)
அதுதானம்மா விஷயம்! உன் பெட்டியில் மைக்குக்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. வட்ட ஓட்டை கித்தாருக்கும் கீபோர்டுக்கும். அதில் 48 வோல்ட் வராது, கண்டென்சர் பட்டினி கிடக்கிறது. விளக்கு எரிவது முதல் ஓட்டைக்கு மட்டும். 48 வோல்ட் தேவைப்படாத சாதா டைனமிக் மைக் என்றாலும் அந்த ஓட்டையில் கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரிதான் கேட்கும். கேபிள் முனை பொருந்துகிறது என்பதற்காக மைக் வேலை செய்யாது. மைக் ரெண்டும் நல்ல மைக், டிரைவரும் பாவம்.

இப்போதைக்கு ஒரு வழி சொல்கிறேன். பக்கத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவரிடம் 48 வோல்ட் உள்ள சின்ன மிக்ஸர் ஒரு நாளைக்குக் கேள். ரெண்டாவது மைக்கை அதில் செருகி, மிக்ஸரின் அவுட்டை அந்த வட்ட ஓட்டைக்குக் கொண்டு வா. ஓட்டைக்கான பட்டனைக் கித்தாரில் இருந்து லைனுக்கு மாற்று. சத்தத்தை அடியில் வைத்துத் தொடங்கு. மாட்டும்போதும் கழற்றும்போதும் 48ஐ அணைத்துவிடு.

ஒலிக்கூடம் (1.40)
நேற்றே ஒரு போட்டோ போட்டிருந்தால் இருபது பதிவு மிச்சம். பாண்டி சொன்னது சரி. ஆனால் நிரந்தரமாகச் செய்வதென்றால் நாலு மைக் வழி உள்ள பெட்டியாக மாற்றிவிடுங்கள், பெரிங்கர் யுஎம்சி404எச்டி மாதிரி. மிருதங்கத்துக்கு மட்டுமே ரெண்டு மைக் வேண்டும்: வலந்தலைக்கு (வலது முகம்) ஒன்று, தொப்பிக்கு (இடது முகம்) ஒன்று.

பழைய ரேடியோ (2.15)
மிருதங்கத்துக்கு ரெண்டு மைக் எதற்கு ஐயா? 1925 வாக்கில் மின்சார ரெக்கார்டிங் வரும்வரை மைக்கே கிடையாது, எல்லோரும் ஒரே கொம்புக் குழாய் முன்னால்தான் உட்கார்ந்தார்கள். சத்தம் கூடினால் வாத்தியக்காரர் பின்னால் நகர்வார், குறைந்தால் முன்னால் வருவார். அந்த 78 தட்டுகளை இன்றைக்கும் கேட்கவில்லையா?

ஒலிக்கூடம் (2.22)
கேட்கிறோம். அதில் தொப்பி எங்கே கேட்கிறது என்று காட்டுங்கள்.

பழைய ரேடியோ (2.30)
காது இருப்பவர்களுக்குக் கேட்கும்.

தனி ஆவர்த்தனம் (3.10)
நான் வாசிப்பவன், அதனால் ஒரு வார்த்தை. ரெண்டு மைக் வைத்தால் தொப்பிப் பக்கம் நன்றாகத் தள்ளி வையுங்கள். பக்கத்தில் வைத்து, நாலாவது உருப்படியில் தொப்பியில் அப்பிய ரவைப் பசை காய்ந்து உதிர்ந்து மைக் வலைக்குள் போய்விட்டது. ஊதி ஊதித்தான் எடுத்தேன். இன்னொன்று, ஒரே அடி ரெண்டு மைக்கையும் ஒரே நேரத்தில் தொடாது. தூரத்தில் 34 செ.மீ. வித்தியாசம் என்றால் ஒரு மில்லி செகண்ட் தாமதம், 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். தொப்பி டிராக்கை ஆடாசிட்டியில் இன்வர்ட் செய்து (அலையைத் தலைகீழாக்கி) கேளுங்கள். கும்கி (தொப்பியின் அடிநாதம்) கொழுத்தால் அப்படியே விடுங்கள், மெலிந்தால் பழையபடி மாற்றுங்கள்.

பழைய ரேடியோ (3.18)
பார்த்தீர்களா, ஒரு மைக்காக இருந்தால் இந்தச் சண்டையே இல்லை.

ஒலிக்கூடம் (3.25)
ஒரு மைக்காக இருந்தால் இந்த இழையும் இல்லை.

சின்னத்தம்பி88 (5.00)
ஒய் கேபிளிலும் அது ஒரே மைக் மாதிரிதானே ஆகிறது?

லூப்மன்னன் (5.04)
தம்பி, வேண்டாம்.

தனி ஆவர்த்தனம் (சனி, காலை 9.20)
குடந்தை, மிக்ஸர் கிடைக்காவிட்டால் தளர வேண்டாம். மிருதங்கத்துக்கும் பாடுகிறவருக்கும் நடுவில் ஒரே மைக், பாடுகிறவர் அதற்குக் கிட்டே, மிருதங்கம் மூன்று நாலு அடி தள்ளி. சுருதிக்கு மைக் வேண்டாம், போனில் ஆப் போட்டு இயர்போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

குடந்தைப்பொண்ணு (ஞாயிறு, காலை 8.12)
பெரிய தெரு சவுண்ட் சர்வீஸ் அண்ணன் மிக்ஸர் கொடுத்தார். ரெண்டு கோடும் ஆடுகிறது!! ஃபேனை நிறுத்தியதில் எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டுகிறது. அப்பா தொப்பிக்கு ரவை பிசைந்துகொண்டிருக்கிறார், அப்புறம் வருகிறேன். பாண்டி அண்ணா, ரொம்ப நன்றி.

பழைய ரேடியோ (8.20)
சந்தோஷம் அம்மா. மிருதங்க மைக்கை வலந்தலைப் பக்கம் வைத்தீர்களா, தொப்பிப் பக்கமா?

பழைய ரேடியோ (புதன், இரவு 9.05)
அம்மா, இருக்கிறீர்களா?