அலவ்குரூப்ஸ் போட்டும் எல்லோரும் சர்வருக்குள் வருகிறார்கள், அவசரம்

கொலுசு_ஆபீஸ் | காலை 10.12

வணக்கம். சேலம் செவ்வாய்பேட்டையில் எங்களுக்கு வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம். டிசைன் ஃபைல், பட்டறைக்குக் கொடுத்த வெள்ளிக் கணக்கு எல்லாம் ஆபீஸ் லினக்ஸ் சர்வரில்தான் இருக்கிறது. டிசைன் போட்டுக்கொண்டிருந்தவர் வேறு கடைக்குப் போய்விட்டார். அவர் ஐடியில் இன்னும் உள்ளே வர முடிகிறது. நிர்வாகம் என்று ஒரு குரூப் செய்து, இரண்டு பேரை மட்டும் அதில் சேர்த்து, அந்தக் குரூப்காரர்கள் மட்டும் வரலாம் என்கிற அலவ்குரூப்ஸ் வரியும் போட்டு ரீஸ்டார்ட் செய்தாகிவிட்டது. ஒரு மாற்றமும் இல்லை. புது டிசைன் முழுக்க அதில் இருக்கிறது. சீக்கிரம் சொல்லுங்கள்.

ஓமலூரான் | 10.20

எந்த லினக்ஸ், எந்த வெர்ஷன்? எந்த ஃபைலில் எந்த இடத்தில் வரியைப் போட்டீர்கள்? "உள்ளே வர முடிகிறது" என்றால் எஸ்எஸ்ஹெச் (வேறு கம்ப்யூட்டரிலிருந்து டெர்மினலில் லாகின் ஆவது) வழியாகவா, விண்டோஸில் திறக்கிற ஷேர் ஃபோல்டர் வழியாகவா? இரண்டுக்கும் கதவு வேறு வேறு. இதைச் சொல்லாமல் எங்களால் ஊகிக்கத்தான் முடியும்.

அஸ்தம்பட்டி_நெட் | 10.24

இவ்வளவு சுற்ற வேண்டாம் சார். யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டு எஸ்எஸ்ஹெச்சின் 22ஆம் போர்ட்டை உங்கள் ஆபீஸ் ஐபிக்கு மட்டும் திறந்து விடுங்கள். வெளியே போனவர் வெளியிலிருந்து வரவே முடியாது. நான் பார்த்துக்கொள்ளும் எல்லா இடத்திலும் இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பழைய_யுனிக்ஸ் | 10.31

இங்கே வருகிறவர்கள் லாக் என்ற ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். சர்வர் தானே எழுதி வைக்கிறது, படிக்கத்தான் ஆள் இல்லை. உபுண்டு என்றால் வார் லாக் ஃபோல்டரில் ஆத்.லாக். ரெட்ஹாட் வகை என்றால் அதே இடத்தில் செக்யூர். அலவ்குரூப்ஸ் வேலை செய்திருந்தால், இன்னார் இந்த ஐபியிலிருந்து வந்தார், அவருடைய குரூப் எதுவும் பட்டியலில் இல்லாததால் அனுமதியில்லை என்று தெளிவாக ஒரு வரி விழும். அந்த வரி விழுகிறதா? இதற்குப் பதில் வரும் வரை மற்றவர்கள் சொல்வது எல்லாம் நேர விரயம்.

மலைக்காடு | 10.40

அஸ்தம்பட்டி நண்பருக்கு: ஐபியை வைத்துப் பூட்டுவது எல்லா இடத்திலும் நடக்காது. நான் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட ஆபீஸில் இருக்கிறேன். எங்களுக்கு மொபைல் டேட்டாதான். ஐபி மாறிக்கொண்டே இருக்கும். அது போதாது என்று, ஒரே வெளி ஐபியை முன்பின் தெரியாத பல பேரோடு பகிர்ந்துகொள்கிறோம். எதை அனுமதிப்பது?

கொலுசு_ஆபீஸ், இது உங்களுக்கு. எதை மாற்றினாலும் ஏற்கெனவே லாகின் ஆன ஒரு டெர்மினலை மூடாமல் வையுங்கள். எஸ்எஸ்ஹெச்சை ரீஸ்டார்ட் செய்தாலும் திறந்திருக்கும் இணைப்பு அறுந்து போகாது. புது டெர்மினலில் உள்ளே வர முடிகிறதா என்று பார்த்த பிறகு பழையதை மூடலாம். உங்கள் சர்வர் பக்கத்து அறையில் இருக்கும். எங்களுடையது கீழே சேலத்தில் இருக்கிறது. வெளியே பூட்டிக்கொண்டால் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கித்தான் ஆக வேண்டும்.

அஸ்தம்பட்டி_நெட் | 10.44

அதற்குத்தான் விபிஎன் இருக்கிறது, எங்கிருந்தாலும் ஆபீஸ் நெட்டுக்குள் வர ஒரு தனிப் பாதை. வயர்கார்டு என்ற விபிஎன் போடுங்கள்.

தாரமங்கலம்_டெவ் | 10.55

எந்த ஐபி வரலாம் என்று பார்க்கும் டிசிபி ராப்பர்ஸ் போதும். அதன் ஹோஸ்ட்ஸ்.டினை ஃபைலில் எஸ்எஸ்ஹெச்டி (எஸ்எஸ்ஹெச்சின் சர்வர் புரோகிராம்), ஆல் என்று எல்லோரையும் தடுக்க ஒரு வரி. ஹோஸ்ட்ஸ்.அலவ் ஃபைலில் வேண்டியவர்களின் ஐபி. ரீஸ்டார்ட்கூடத் தேவையில்லை, வரி எழுதிய நொடியே வேலை செய்யும்.

பழைய_யுனிக்ஸ் | 11.02

டிசிபி ராப்பர்ஸ் போய்ச் சேர்ந்து எவ்வளவு காலம் ஆகிறது? ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 6.7இல், 2014லேயே அதைக் கழற்றிவிட்டார்கள். ரெட்ஹாட் 8இல் அந்தப் பேக்கேஜே கிடையாது. புதிதாக வருகிறவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

தாரமங்கலம்_டெவ் | 11.09

ஓப்பன்எஸ்எஸ்ஹெச் கழற்றியது உண்மை. டெபியன்காரர்கள் அதைத் தங்கள் பேட்சில் திரும்பச் சேர்த்தார்கள், உபுண்டுவும் அதையே எடுத்துக்கொண்டது. ஒரு புரோகிராம் எந்த லைப்ரரிகளை எடுக்கிறது என்று காட்டும் எல்டிடியை எஸ்எஸ்ஹெச்டி பைனரி மேல் ஓட்டிப் பாருங்கள், ராப்பர்ஸின் லைப்ரரியான லிப்ராப் என்று ஒரு வரி வரும். என் 22.04 மெஷினில் இப்போதுதான் பார்த்தேன், இருக்கிறது. எல்லாம் தெரிந்த மாதிரி பேசுகிறவர்கள் இதையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம்.

பழைய_யுனிக்ஸ் | 11.15

இருந்தாலும் அது விடை ஆகாது. நடைமுறையில் ராப்பர்ஸ் பார்ப்பது எங்கிருந்து வருகிறார் என்பதை. கேட்டவருக்கு வேண்டியது யார் வருகிறார் என்பது. போன டிசைனர் அதே ஆபீஸ் வைஃபைக்குள் வந்து உட்கார்ந்தால் உங்கள் ஹோஸ்ட்ஸ்.டினை என்ன செய்யும்?

ஓமலூரான் | 11.21

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கேட்டவரையே காணோம். கொலுசு_ஆபீஸ், இருக்கிறீர்களா?

கொலுசு_ஆபீஸ் | 11.50

மன்னிக்கவும், கடையில் ஆள் வந்துவிட்டது. உபுண்டு 22.04. எஸ்எஸ்ஹெச்சின் செட்டிங் ஃபைலான எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்கின் கடைசி வரியாகப் போட்டேன். ஐடி கமாண்டில் பார்த்தேன், அந்த டிசைனர் நிர்வாகம் குரூப்பில் இல்லை. லாகில் அவருக்கு பாஸ்வேர்ட் ஏற்கப்பட்டது என்றுதான் வருகிறது. அனுமதியில்லை என்ற வரி அவர் பெயருக்கு எங்கும் இல்லை.

மேட்டூர்க்காரி | 11.58

கடைசி வரி என்கிறீர்களே, அதற்கு மேலே மேட்ச் என்று தொடங்கும் வரி ஏதாவது இருக்கிறதா? இன்னொன்றும் சொல்லுங்கள்: இந்த மாற்றத்துக்குப் பிறகு, வர வேண்டிய யாராவது வர முடியாமல் போனார்களா?

சூரமங்கலம்_ஜி | 12.05

எஸ்எஸ்ஹெச்சில் ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? லாகினைச் சரிபார்க்கும் பாம் அமைப்பில் பாம் அக்சஸ் என்று ஒன்று உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். செக்யூரிட்டி ஃபோல்டரில் அக்சஸ்.கான்ஃப் ஃபைல் இருக்கும், அதில் நிர்வாகம் தவிர எல்லோருக்கும் மறுப்பு என்று ஒரே வரி. எல்லாவற்றுக்கும் பொதுவான காமன் அக்கவுண்ட் ஃபைலில் சேர்த்துவிட்டால் எஸ்எஸ்ஹெச், கன்சோல் எல்லாம் ஒரே இடத்தில் முடிந்தது.

பழைய_யுனிக்ஸ் | 12.11

காமன் அக்கவுண்டில் அதை வைத்தால் குறித்த நேரத்தில் தானாக வேலைகளை ஓட்டும் கிரானும் அதற்குள் சிக்கிக்கொள்ளும். ராத்திரி பேக்கப் சத்தமில்லாமல் நின்றுபோகும், தேவைப்படுகிற அன்றுதான் தெரியவரும். வைப்பதானால் பாம்.டி ஃபோல்டரின் எஸ்எஸ்ஹெச்டி ஃபைலில் மட்டும் வையுங்கள். உபுண்டுவில் அந்த வரி ஏற்கெனவே இருக்கிறது, முன்னால் இருக்கும் ஹேஷ் குறியை (#) எடுத்தால் போதும். அக்சஸ்.கான்ஃப்பில் முதலில் பொருந்துகிற வரிதான் செல்லும், அதையும் மறக்க வேண்டாம்.

கொலுசு_ஆபீஸ் | 12.34

ஆமாம், மேலே மேட்ச் குரூப் ஆடிட் என்று இருக்கிறது. ஆடிட்டர் ஆபீஸ்காரர்கள் எஸ்எஸ்ஹெச் வழியாக ஃபைல் எடுக்கும் எஸ்எஃப்டிபியில் அவர்கள் ஃபோல்டரை மட்டும் பார்க்கட்டும் என்று முன்பே ஒருவர் செய்து கொடுத்தது. காலையிலிருந்து அவர்களுக்குத்தான் கனெக்ட் ஆகவில்லை என்று போன் வந்தது. அவர்கள் பக்கம் நெட் பிரச்சினை என்று நினைத்தோம்.

மேட்டூர்க்காரி | 12.47

காரணம் அதுதான்.

எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்கில் மேட்ச் என்ற வரி வந்துவிட்டால், அதற்குக் கீழே இருப்பது எல்லாம் அந்த மேட்சுக்கே சொந்தம். அடுத்த மேட்ச் வரும் வரை, இல்லையென்றால் ஃபைல் முடியும் வரை. நடுவில் காலி வரி விட்டாலும், இடம் தள்ளி எழுதாவிட்டாலும் அது கணக்கில் வராது. ஆகவே உங்கள் அலவ்குரூப்ஸ் வரி சர்வர் முழுவதற்கும் போகவில்லை, ஆடிட் குரூப்புக்கு மட்டும் போயிருக்கிறது. அந்தக் குரூப்பில் இருக்கிறவர் நிர்வாகத்திலும் இருந்தால்தான் வரலாம் என்று ஆகிவிட்டது. அதனால் ஆடிட்டர் ஆட்கள் வெளியே, மற்ற எல்லோரும் முன்போல உள்ளே.

வரியை அங்கிருந்து எடுத்து மேட்சுக்கு மேலே வையுங்கள். வைக்கும்போது நிர்வாகம், ஆடிட் இரண்டு பெயரையும் எழுத வேண்டும். ஆடிட்டை விட்டுவிட்டால் ஆடிட்டருக்கு மறுபடியும் கதவு மூடிவிடும். இரண்டு பெயருக்கும் நடுவில் இடைவெளி மட்டும் விடுங்கள். கமா போட்டால் அதையும் பெயரின் பகுதியாக எடுத்துக்கொள்ளும்.

ரீஸ்டார்ட்டுக்கு முன்னால் எஸ்எஸ்ஹெச்டி மைனஸ் சின்ன டி (-t) கொடுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் சொல்லும், ஒன்றும் சொல்லாவிட்டால் சரி. அடுத்து மைனஸ் பெரிய டி (-T). சர்வர் உண்மையில் எதை எடுத்துக்கொண்டிருக்கிறது என்று முழுவதும் காட்டும். அதோடு மைனஸ் பெரிய சி (-C) சேர்த்து யூசர், ஹோஸ்ட், அட்ரஸ் மூன்றையும் கொடுத்தால், இந்த ஆள் வந்தால் எந்த விதி செல்லும் என்று அவர் வராமலே பார்த்துக்கொள்ளலாம். டிசைனர் பெயரைப் போட்டுப் பாருங்கள். அலவ்குரூப்ஸ் வரி அதில் வர வேண்டும். இந்த ஒரு கமாண்டை எல்லோரும் பழகிக்கொள்ள வேண்டும் என்று நான் ரொம்ப ஆசைப்படுகிறேன். ஃபைலைப் பார்த்து ஊகிப்பதில் எத்தனையோ பேருடைய ராத்திரி போகிறது.

பழைய_யுனிக்ஸ் | 1.05

மேட்டூர்க்காரி சொன்னது சரி. ஆனால் போன ஆளின் கதை இதோடு முடியவில்லை. அலவ்குரூப்ஸ் எஸ்எஸ்ஹெச்சை மட்டும்தான் அடைக்கும். விண்டோஸில் திறக்கிற அந்த ஷேர் ஃபோல்டர், லினக்ஸிலிருந்து ஷேர் கொடுக்கும் சம்பாவில் ஓடுகிறது என்றால் அதற்குத் தனி பாஸ்வேர்ட் பட்டியல் உண்டு. எஸ்எம்பிபாஸ்வேர்ட் (smbpasswd) மைனஸ் சின்ன டி (-d) கொடுத்து அவர் பெயரை அங்கேயும் நிறுத்த வேண்டும். டிசைன் ஃபைல் இருக்கும் ஷேரில், யார் திறக்கலாம் என்று சொல்லும் வேலிட் யூசர்ஸ் வரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பாஸ்வேர்டை லாக் செய்தால் போதும் என்று யாராவது சொல்வார்கள். போதாது. பாஸ்வேர்ட் மட்டும்தான் பூட்டும், அவர் பாஸ்வேர்டுக்குப் பதிலாக லாகினுக்கு உதவும் எஸ்எஸ்ஹெச் கீ ஃபைல் வைத்திருந்தால் அது திறக்கும். சேஜ் (chage) கமாண்டில் மைனஸ் பெரிய ஈ (-E), பக்கத்தில் பூஜ்யம், அப்புறம் பெயர். அக்கவுண்டே காலாவதி ஆகிவிடும்.

ஓமலூரான் | 1.12

இதற்கு அக்கவுண்டையே அழித்துவிடலாமே?

கொலுசு_ஆபீஸ் | 1.20

அழிக்க முடியாது. ராத்திரி டிசைன் பேக்கப் அவர் ஐடியில்தான் ஓடுகிறது.

பழைய_யுனிக்ஸ் | 1.24

அப்படியானால் அக்கவுண்டைக் காலாவதி ஆக்கினாலும் அவர் பெயரில் இருக்கும் கிரான் நின்றுவிடும். முதலில் பேக்கப்பை அதற்கென்றே ஒரு தனி யூசருக்கு மாற்றுங்கள், ஒரு ராத்திரி ஓடுகிறதா என்று பாருங்கள், பிறகு சேஜ். மனிதர் பெயரில் பேக்கப் ஓட்டவே கூடாது. ஆள் போவார், பேக்கப் போகக் கூடாது.

தாரமங்கலம்_டெவ் | 1.31

இதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். லிப்ராப் விஷயத்தில் இன்னும் இல்லை.

கொலுசு_ஆபீஸ் | 3.46

மேலே மாற்றியதும் சரியாகிவிட்டது. டிசைனர் ஐடிக்கு இப்போது அனுமதியில்லை என்று லாகில் வருகிறது, ஆடிட்டருக்குக் கனெக்ட் ஆகிறது. சம்பாவிலும் நிறுத்தியாச்சு. மேட்டூர் அக்காவுக்கும் எல்லோருக்கும் நன்றி.

பழைய_யுனிக்ஸ் | 3.58

டிசைனர் ஏற்கெனவே திறந்து வைத்த இணைப்பு ஏதாவது உயிரோடு இருக்கிறதா? நீங்கள் செய்த மாற்றம் புதிதாக வருகிறவரைத்தான் தடுக்கும். யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் ஹூ கமாண்டில் அவர் பெயர் இருந்தால் லாகின்சிடிஎல் டெர்மினேட் யூசர் கொடுங்கள். சம்பா பக்கம் எஸ்எம்பிஸ்டேட்டஸ் கொடுத்துப் பாருங்கள். பேக்கப் மாற்றியாகிவிட்டதா? அவருக்கு நிர்வாகிகள் யாருடைய பாஸ்வேர்டாவது தெரியுமா?

மலைக்காடு | மாலை 6.20

இதைப் படித்துவிட்டு எங்கள் சர்வரிலும் எஸ்எஸ்ஹெச்டி மைனஸ் பெரிய டி (-T) ஓட்டினேன். ஃபைலில் பாஸ்வேர்ட் ஆதன்டிகேஷன் நோ (பாஸ்வேர்டில் லாகின் வேண்டாம்) என்றுதான் இருக்கிறது, வெளியே யெஸ் என்று காட்டுகிறது. எங்களுடையதும் 22.04தான். மேட்ச் எதுவும் இல்லை.

மேட்டூர்க்காரி | 6.41

எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்.டி ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். சர்வரை முதல்முறை அமைக்கும் கிளவுட்-இனிட் எழுதி வைத்த 50-கிளவுட்-இனிட் என்று ஒரு ஃபைல் இருக்கும், அதில் யெஸ் என்று எழுதியிருக்கும். அந்த ஃபோல்டர் முதலில் படிக்கப்படுகிறது, இந்த வகை வரிகளில் முதலில் வந்த மதிப்புதான் நிற்கும். உங்கள் கீ வேலை செய்கிறதா என்று உறுதி செய்த பிறகு அங்கே மாற்றுங்கள். அதுவரை பழைய டெர்மினலை மூட வேண்டாம்.