ஹெல்மெட் போட்டால் வெல்டிங் கோடே தெரியவில்லை, எதை வாங்கலாம்?

வணக்கம். பெங்களூரு பீன்யாவில் ஒரு சின்ன கிரில் பட்டறையில் மூன்று மாதமாக ஆர்க் வெல்டிங் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஹெல்மெட் போட்டதும் எங்கே வெல்டு வைக்கிறேன் என்பதே தெரிவதில்லை. சாக்பீஸ் கோடு போட்டுத் தொடங்கினாலும், வெல்டின் மேல் படியும் கசடான ஸ்லாக்கைத் தட்டிப் பார்த்தால் இணைப்பை விட்டு அரை விரல் தள்ளி வெல்டு ஓடியிருக்கிறது.

இன்வர்ட்டர் மெஷின், 2.5 மி.மீ. 6013 ரக வெல்டிங் ராடு, 75-80 ஆம்ப். முதலில் 11-ஆம் நம்பர் கறுப்புக் கண்ணாடி வைத்த கைத்தடுப்பு. ராடு பற்றும்வரை ஒரே இருட்டு. அப்புறம் போன மாதம் எஸ்.பி. ரோட்டில் 1,400 ரூபாய்க்கு, ராடு பற்றியதும் கண்ணாடி தானாகக் கறுக்கும் ஆட்டோ டார்க்கனிங் ஹெல்மெட் வாங்கினேன். ஷேடு, அதாவது கண்ணாடியின் கறுப்பு அளவு, 9 முதல் 13 வரை. 10-இல் வைத்துப் பார்த்தேன், பிறகு 9-க்கு இறக்கினேன். பொறி பட்டு மங்கிய முன் பிளாஸ்டிக்கை மாற்றினேன், மேசைக்கு மேல் எல்இடி விளக்கும் மாட்டினேன். கொஞ்சம் தேவலை. ஆனாலும் பாசி படிந்த தண்ணீருக்குள் பார்ப்பதுபோல எல்லாம் பச்சையாகவே தெரிகிறது. உருகிய இரும்பு எது, ஸ்லாக் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. கண்ணையும் போன வாரம் சோதித்துவிட்டேன், பார்வையில் குறை இல்லை. ஷேடை இன்னும் குறைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

4,000 ரூபாய்க்குள், பச்சையாகக் காட்டாமல் இயல்பான நிறத்தைக் காட்டும் ட்ரூ கலர் கண்ணாடியும், வெல்டிங் ஒளியை உணரும் நான்கு சென்சாரும் உள்ள ஹெல்மெட்டுகளில், இதே 80 ஆம்பில் உருகும் இரும்பைத் தெளிவாகக் காட்டுவதாக நீங்களே போட்டுப் பார்த்த மாடல் எது?