டிவி வினாடி வினாவுக்குக் கேள்வி எழுதுகிறேன்: விடை ஒன்றே ஒன்றுதான் என்று எப்படி உறுதி செய்வது?

விருதுநகர் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் எடுக்கிறேன். எங்கள் பக்கத்து உள்ளூர் சேனலில் 9, 10-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வினாடி வினா நடத்தப் போகிறார்கள். கேள்வி எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. கேள்விக்கு நாலு விடை, முப்பது நொடி நேரம், போகப் போகக் கடினமாக வேண்டும்.

"நாலு பொது அறிவு கைடு வாங்கி அதிலிருந்து எடுத்துப் போடுங்க மேடம், போதும்" என்று சேனலில் சொன்னார்கள். வாங்கிப் பார்த்தேன். உலகின் நீளமான ஆறு ஒரு கைடில் நைல், இன்னொன்றில் அமேசான். எதை நம்புவது?

எனக்கு இருப்பது ஒரே பயம். சாத்தூர், திருச்சுழி பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும். ஒரு பிள்ளை சரியாகச் சொல்லி, நம் தாளில் வேறு விடை இருந்ததால் "தவறு" என்று சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை வீட்டுக்கு எப்படிப் போகும்? அது நடக்கவே கூடாது.

மாதிரிக்கு நான் எழுதிய நாலு கேள்விகள்:

தமிழ்நாட்டின் முதல் முதலமைச்சர் யார்?
முதன்முதலில் பாரத ரத்னா பெற்றவர் யார்?
எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் எவ்வளவு?
தமிழில் முதலில் அச்சான நூல் எது?

தவறான மூன்று விடைகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்றும் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மாம்பலம் வாசகன்:

டீச்சர், உங்கள் பயம் நியாயமானது. கேள்வி எழுதும் எல்லாருக்கும் அது இருக்க வேண்டும். நான் வங்கியில் வேலை பார்த்த காலத்திலிருந்தே சென்னையில் நடக்கும் பொது வினாடி வினாக்களுக்குப் போய் வந்தவன். ஓய்வு பெற்ற பிறகு டிவி நிகழ்ச்சிகளுக்குக் கேள்வி எழுதிக் கொடுத்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதல், பெரிய, நீளமான, உயரமான. இதில் எது கேள்வியில் வந்தாலும் பேனாவை நிறுத்திவிட்டு யோசியுங்கள். உங்கள் முதல் கேள்வியையே எடுப்போம். 1920-ல் சென்னை மாகாணத்தின் முதல் முதலமைச்சராகப் பொறுப்பேற்றவர் சுப்பராயலு ரெட்டியார். 1937 தேர்தலுக்குப் பின் ராஜாஜி. நாடு விடுதலை அடைந்த அன்று பதவியில் இருந்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். 1950 ஜனவரி 26 குடியரசு நாளில் இருந்தவர் குமாரசாமி ராஜா; உங்கள் ராஜபாளையத்துக்காரர். 1952-ல் முதல் பொதுத்தேர்தலுக்குப் பின் மறுபடியும் ராஜாஜி. 'தமிழ்நாடு' என்ற பெயர் நடைமுறைக்கு வந்த 1969 ஜனவரி 14 அன்று அண்ணா. ஒரே கேள்விக்கு ஐந்து பேர் வந்து நிற்கிறார்கள். ராஜபாளையத்துப் பிள்ளை ஒன்று குமாரசாமி ராஜா என்று சொன்னால் அதைத் தவறென்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

எனவே கேள்வியைக் கட்டிப் போடுங்கள்: "1969 ஜனவரி 14 அன்று, சென்னை மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் மாறியபோது முதலமைச்சராக இருந்தவர் யார்?" விடைகள்: பக்தவத்சலம், அண்ணா, கருணாநிதி, காமராஜர். இனி யாரும் வழக்காட முடியாது. தவறான விடைகளையும் பாருங்கள். பக்தவத்சலம் 1967 வரை பதவியில் இருந்தவர். கருணாநிதி 1969 பிப்ரவரி 10-ல் பதவியேற்றவர். ஆண்டை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை அவரிடம் போகும். பிப்ரவரி 3 வரை அண்ணா உயிரோடு இருந்தார் என்று தெரிந்த பிள்ளை தப்பித்துவிடும். தவறான விடை இப்படித்தான் இருக்க வேண்டும், பாதி தெரிந்தவரை இழுக்க வேண்டும். இடத்தை நிரப்பச் சம்பந்தமில்லாத நாலு பெயரைப் போடுவது பார்ப்பவர்களுக்கு நாம் செய்யும் அவமரியாதை.

பாரத ரத்னாவும் அப்படியே. 1954-ல் மூன்று பேருக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள்: ராஜாஜி, ராதாகிருஷ்ணன், சி.வி.ராமன். "1954-ல் முதன்முதலாகப் பாரத ரத்னா பெற்ற மூவரில் இல்லாதவர் யார்?" என்று திருப்பி, நாலாவது பெயராக நேருவைப் போடுங்கள். அவருக்கு 1955-ல் கிடைத்தது. பெரும்பாலானவர்கள் நேருவுக்குத்தான் முதலில் கொடுத்திருப்பார்கள் என்று நினைப்பார்கள். அந்த மூவரும் தொரப்பள்ளி, திருத்தணி, திருச்சி என்று நம் பக்கத்தில் பிறந்தவர்கள். விடைக்குப் பிறகு தொகுப்பாளர் அதை ஒரு வரி சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

எவரெஸ்ட் கேள்வியை எடுத்துவிடுங்கள். 8848 என்று நாமெல்லாம் படித்தோம்; 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து 8848.86 மீட்டர் என்று அறிவித்தன. அளவு மாறியதை விட எனக்குப் பெரிய குறை, அது யோசித்து வர முடியாத விடை. தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் குருட்டுத்தனமாக ஒன்றை அமுக்க வேண்டியதுதான்.

நான் வலியுறுத்த விரும்புவதே இதுதான். வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் முப்பது நொடிக்குள் யோசித்துப் பிடிக்க ஒரு வழி கேள்விக்குள்ளேயே இருக்க வேண்டும். எனக்குப் பிடித்த உதாரணம் 2011-ல் கவுன் பனேகா குரோர்பதியில் பீகார் மோதிஹாரியைச் சேர்ந்த சுஷில் குமார் 5 கோடி ரூபாய் வென்ற கேள்வி. 1868 அக்டோபர் 16-ல் நிக்கோபார் தீவுகளின் மீதிருந்த உரிமையை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன நாடு எது? பெல்ஜியம், இத்தாலி, டென்மார்க், பிரான்ஸ்.

கேட்டதும் மலைப்பாக இருக்கும். ஆனால் தரங்கம்பாடிக் கடற்கரையில் டேனிஷ் கோட்டையைப் பார்த்த ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு இது எட்டும். 1620-ல் அங்கே வந்து இறங்கிய டேனிஷ்காரர்கள் 1845-ல் அந்த ஊரை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றார்கள். நிக்கோபாரையும் தரங்கம்பாடியிலிருந்துதான் பார்த்துக்கொண்டார்கள். அது தெரியாவிட்டாலும் கழித்துக்கொண்டே வரலாம்: இத்தாலி ஒரே நாடானதே 1861-ல், பெல்ஜியம் தனி நாடானது 1830-ல், பிரெஞ்சுக்காரர்கள் 1954 வரை புதுச்சேரியை விட்டு நகரவே இல்லை. 5 கோடிக்கு வைத்த கேள்விக்குள்ளும் ஒரு பாதை இருக்கிறது. கடினமான கேள்வி என்றால் பாதை நீளமாக இருக்கும், அவ்வளவுதான். பாதையே இல்லாத கேள்வியைக் கடினமானது என்று சொல்லாதீர்கள்.

கைடுகளைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஃபிரெட் வொர்த் என்பவர் 1970-களில் பொது அறிவுத் துணுக்குக் களஞ்சியம் ஒன்று வெளியிட்டார். யாராவது தன்னிடமிருந்து நகலெடுத்தால் பிடிக்கலாம் என்று அதில் வேண்டுமென்றே ஒரு பொய்யை வைத்தார்: டிவி துப்பறிவாளர் கொலம்போவின் முதற்பெயர் பிலிப் என்று. 'டிரிவியல் பர்சூட்' என்ற பொது அறிவு விளையாட்டில் அதே பிலிப் வந்து நின்றது. 1984-ல் வழக்குப் போட்டார். உண்மைத் தகவல்களுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது என்று சொல்லி நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. வழக்கு எப்படிப் போனால் என்ன, நமக்கு வேண்டிய செய்தி வேறு. இரண்டு புத்தகத்தில் ஒரே தகவல் இருந்தால் அது இரண்டு சாட்சி ஆகிவிடாது, ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுதியிருக்கலாம். ஊற்று எங்கே என்று தேடிப் போங்கள். அரசிதழ், நோபல் அமைப்பின் பட்டியல், அரசியலமைப்புச் சட்டத்தின் பிரிவு, எதுவாயினும் மூலம்.

குரூப் 2 தயாரிப்பு:

மாம்பலம் ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கோங்க டீச்சர். கைடுல இன்னமும் "இந்தியாவின் தேசிய விளையாட்டு ஹாக்கி"ன்னு போட்டிருப்பான். எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டா அறிவிக்கலைன்னு 2012-லயே தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டதுக்கு விளையாட்டு அமைச்சகம் பதில் கொடுத்தாச்சு. "தேசிய மொழி இந்தி"யும் அப்படித்தான். பிரிவு 343 சொல்றது ஒன்றியத்தின் அலுவல் மொழி. "மெரினா உலகின் இரண்டாவது நீளமான கடற்கரை"ன்னும் போட்டிருப்பான், அதை விட நீளமானது எத்தனையோ இருக்கு.

நோபல்ல ஒரு நல்ல கேள்வி வைக்கலாம். முதல் இந்தியர் தாகூர், 1913. ஆனா இந்தியாவில் பிறந்து முதல்ல நோபல் வாங்கினவர் ரொனால்டு ராஸ், பிறந்தது அல்மோராவில், பரிசு 1902-ல. மலேரியா கொசு மூலமா பரவுறதைக் கண்டுபிடிச்சவர். கேள்வியில ஒரு சொல் மாறினா ஆளே மாறிடுறாங்க.

எடிட் ரூம்:

நான் கேள்வி எழுதுகிறவன் இல்லை, நிகழ்ச்சித் தயாரிப்பில் இருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

பதிவு ஒரு நாள் நடக்கும், ஒளிபரப்பு பல வாரம் கழித்து வரும். நடுவில் விடை மாறிப்போகலாம். சனிக் கோளின் நிலவுகள் என்று எழுதினால் 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 கூடி மொத்தம் 274 ஆகிவிட்டது. தமிழ்நாட்டு மாவட்டங்கள் மயிலாடுதுறையோடு 38 ஆயின. எண்ணிக்கை கேட்டே ஆக வேண்டும் என்றால் தேதியைக் கேள்விக்குள் எழுதிவிடுங்கள்.

கேள்வியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கண்ணுக்கு எளிதாக இருக்கும் வாக்கியம் தொகுப்பாளர் வாயில் மாட்டிக்கொள்ளும். எழுத்தும் திரையில் முழுமையாக வர வேண்டும். 2020 ஜனவரியில் 'கோடீஸ்வரி' நிகழ்ச்சியில் 1 கோடி வென்ற மதுரைப் பெண் காது கேளாத, வாய் பேச இயலாதவர். உங்கள் பிள்ளைகளிலும் அப்படி ஒருவர் இருக்கக்கூடும் என்று நினைத்துத் திரையை வடிவமைக்கச் சொல்லுங்கள்.

கேள்வித் தாள் யார் யார் கையில் போகிறது என்பதிலும் கண்டிப்பாக இருங்கள். 1956-ல் அமெரிக்காவின் 'ட்வென்டி ஒன்' டிவி வினாடி வினா நிகழ்ச்சியில் ஹெர்பர்ட் ஸ்டெம்பெல் என்பவரை, 1955-ன் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பெற்றது எது என்ற கேள்விக்கு வேண்டுமென்றே தவறாகச் சொல்ல வைத்துத் தோற்கச் செய்தார்கள். 'மார்ட்டி' என்பது விடை. அது அவருக்கு மிகப் பிடித்த படம். உண்மை வெளிவந்து, வென்ற சார்லஸ் வான் டோரன் தனக்கு விடைகள் முன்பே தரப்பட்டதை 1959-ல் நாடாளுமன்றக் குழுமுன் ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டே அப்படிச் செய்வதைச் சட்டப்படி குற்றமாக்கினார்கள். பள்ளி நிகழ்ச்சிதானே என்று விடாதீர்கள். தெரிந்த ஆசிரியர் கேட்டாலும், பங்கேற்கும் பள்ளிக்காரர் யாருக்கும் ஒரு கேள்விகூடப் போகக் கூடாது.

விருதுநகர் டீச்சர்:

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, நெஞ்சார்ந்த நன்றி. இன்று பள்ளி முடிந்ததும் அச்சு நூல் கேள்வியைத் திருத்திப் பார்த்தேன். 1554-ல் லிஸ்பனில் 'கார்டிலா' என்ற தமிழ் நூல் அச்சாகியிருக்கிறது, ஆனால் ரோமன் எழுத்தில். தமிழ் எழுத்தில் 1578-ல் 'தம்பிரான் வணக்கம்'. ஆகவே "தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று கிடைப்பவற்றில் மிகப் பழைய நூல் எது?" என்று மாற்றியிருக்கிறேன். தவறான விடைகளுக்குத்தான் என்ன போடுவது என்று தெரியவில்லை மாம்பலம் ஐயா. வேறு பழைய அச்சு நூல்களின் பெயர் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியாது, ஏதோ நாலு பெயர் என்று ஆகிவிடும்.

மாம்பலம் வாசகன்:

அருமையாகக் கட்டியிருக்கிறீர்கள் டீச்சர். நூல் பெயரை விடையாக வைப்பதால்தான் சிக்கல். பெயரைக் கேள்விக்குள் கொடுத்துவிட்டு ஊரைக் கேளுங்கள்:

"தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று கிடைப்பவற்றில் மிகப் பழைய நூலான 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் எந்த ஊரில் அச்சானது?"
தரங்கம்பாடி, கோவா, கொல்லம், லிஸ்பன்.

விடை கொல்லம். லிஸ்பனை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். கோவாவில் 1556-ல் இந்தியாவின் முதல் அச்சகம் வந்தது, அதைப் படித்த பிள்ளை அங்கே போகும். தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் வைத்த பாதிரியார் சீகன்பால்கு பற்றிய பாடம் நினைவிருக்கும் பிள்ளை தரங்கம்பாடிக்குப் போகும். ஆனால் அவர் வந்து இறங்கியது 1706-ல், அந்த ஆண்டை யோசித்தால் அதைக் கழித்துவிடலாம். இதைக் கடைசிச் சுற்றுக்கு முந்திய சுற்றில் வையுங்கள். கொல்லத்தில் அச்சிட்ட பாதிரியார் அண்ட்ரிக் அடிகளார் தூத்துக்குடி முத்துக்குளித்துறையில் பல ஆண்டுகள் வாழ்ந்து தமிழ் கற்றவர் என்பதைத் தொகுப்பாளர் தாளில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். உங்கள் மாவட்டத்திலிருந்து தூத்துக்குடி பக்கம்தானே.