ஹட்டன் கோர்ட்டில் அம்மா சாட்சி சொல்ல வேண்டும்: எதற்குத் தயாராகப் போவது?

மஸ்கெலியா மகள்:
அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) நடந்த ஒரு வெட்டுச் சம்பவத்தைப் பார்த்தவர் என்று ஹட்டன் நீதவான் நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்திருக்கிறது. சிங்களம் கொஞ்சம் பேசுவார், வாசிக்கத் தெரியாது. லோயர் பிடிக்க வேண்டுமா? அன்றைக்குப் பேர் போடுவார்களா, நாள் சம்பளம் கிடைக்குமா? எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) ஆட்களும் அடுத்த லயம்தான்.

தவணைத்தாள்:
சாட்சிக்கு லோயர் தேவையில்லை தங்கச்சி. நீதவான் கோர்ட்டில் வழக்கைப் பொலிசே நடத்தும்; மேல் நீதிமன்றமாக இருந்தால் அரச சட்டத்தரணி நடத்துவார்.

அழைப்பாணையும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். ஒன்பது மணிக்கு முன்னமே போய், வழக்கு இலக்கத்தைக் காட்டி அந்தப் பொலிஸ் நிலையத்து ஆளிடம் வந்ததைச் சொல்லுங்கள். வழக்கைக் கூப்பிட்டதும் சாட்சிகளை வெளியே நிற்கச் சொல்வார்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கக் கூடாது என்பதற்குத்தான், பயப்பட ஒன்றுமில்லை. வெளியே மற்றச் சாட்சிகளோடு சம்பவத்தைப் பற்றிப் பேசவும் வேண்டாம்.

அன்றே விசாரணை நடக்கும் என்று நம்பாதீர்கள். எதிரி வரவில்லை, லோயர் வேறு கோர்ட்டில் என்று தவணை போய்விடும். பலர் தவறுவது இங்கேதான்: அடுத்த திகதிக்கு வரும்படி நீதவான் சாட்சியிடம் வாய்மொழியாகவே சொல்லிவிடுவார். புது அழைப்பாணை வரும் என்று வீட்டில் காத்திருந்தால் பிடியாணைதான் வரும். திகதியை எழுதி வாங்காமல் படியிறங்காதீர்கள்.

பேர் விஷயம் தோட்டத்தைப் பொறுத்தது. அழைப்பாணையின் கொப்பியைத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் மூலம் முன்கூட்டியே துரைக்கு (தோட்ட முகாமையாளருக்கு) கொடுங்கள். போன நாளுக்கு நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் வந்து போனதற்கு ஒரு கடிதமும் கேளுங்கள்.

கூண்டுப்பக்கம்:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் மலையகச் சாட்சி விழுவது வேறு இடத்தில். வடக்கு கிழக்குக்கு வெளியே கோர்ட்டுப் பதிவு சிங்களத்தில். அம்மா தமிழில் சொல்ல, முதலியார் (கோர்ட் மொழிபெயர்ப்பாளர்) சிங்களத்தில் சொல்ல, அதுதான் பதிவாகும். ஆகவே ஒரு வசனம், நிறுத்தம், அடுத்த வசனம். தலையாட்டினால் பதிவில் ஏறாது.

கொஞ்சம் சிங்களம் தெரியும் என்று கேள்வி பெயர்க்கப்படும் முன்னே பதில் சொல்ல வேண்டாம். பாதிக் கேள்விக்குச் சொன்ன ‘ஓம்’ முழுக் கேள்விக்கும் ‘ஓம்’ ஆகிவிடும். தமிழென்றால் முழுக்கத் தமிழ்.

முதலியார் தோட்டத்து ஆளாக இருக்க மாட்டார் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். ‘பீலிக்கரை’, ‘இஸ்தோப்பு’, ‘பணியக்கணக்கு’ எல்லாம் அவருக்குப் புரியாமல் போகலாம். ‘தண்ணி பிடிக்கிற இடம்’, ‘வீட்டு முன்திண்ணை’, ‘தோட்டத்தின் கீழ்ப்பிரிவு’ என்று சேர்த்துச் சொல்லட்டும். தேயிலைச் செடியைக் கத்தரிக்கிற கவ்வாத்துக் கத்தி வெறும் ‘கத்தி’ என்று பெயர்க்கப்பட்டால், பிறகு சான்றுப்பொருளைக் காட்டும்போது ‘இதுவா அது?’ என்று சிக்கல் வரும். நீளத்தைக் கையால் காட்டினால் போதாது, ‘முழங்கை நீளம்’ என்று வாயாலும் சொல்ல வேண்டும்.

அடுத்தது பொலிஸ் வாக்குமூலம். தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி ஒப்பம் வாங்கியிருந்தால், குறுக்கு விசாரணையில் எதிரியின் லோயர் பிடிப்பது அதைத்தான். பொலிசில் சொன்னதற்கும் கூண்டில் சொல்வதற்கும் வித்தியாசம் இருந்தால் அதை முரண்பாடாகக் குறிப்பார். அங்கே சொல்லாததை இங்கே புதிதாகச் சொன்னால் விடுபாடு என்பார். வாசித்துக் காட்டாமல் ஒப்பம் வாங்கினார்கள் என்பது உண்மையானால், அதை அந்த இடத்திலேயே சொல்லலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் அதையே கேடயமாகப் பிடித்தால் நம்ப மாட்டார்கள்.

தன் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லட்டும். ‘லயமே சொன்னது’ என்பது சாட்சியாகாது. ஞாபகம் இல்லையென்றால் ‘ஞாபகம் இல்லை’. மணி தெரியாவிட்டால் ‘அந்திக் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த நேரம்’ என்பது ஊகித்துச் சொன்ன ஐந்தரையைவிட நல்ல பதில். நீதவானை ‘ஐயா’ என்றால் போதும், பெண்ணாக இருந்தால் ‘அம்மா’. கிறிஸ்தவர் பைபிளில் சத்தியம் செய்வார். இந்துக்கள் உறுதிமொழி சொன்னால் போதும்.

தவணைத்தாள்:
எதிரியின் ஆட்களைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. சாட்சியை மிரட்டுவதே தனிக் குற்றம். சாட்சிகளைப் பாதுகாக்கிற 2015ஆம் ஆண்டு 4ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் 10ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. சாட்சிகளைப் பாதுகாக்கும் தேசிய அதிகாரசபையும் இருக்கிறது. யார், எந்த நாள், என்ன சொன்னார் என்பதைக் குறித்து வைத்துப் பொலிசில் முறைப்பாடு போட்டு இலக்கம் வாங்குங்கள். ‘சமாதானமாகப் போயிரலாம்’ என்று வந்தால், அது முறைப்பாட்டுக்காரரும் எதிரியும் கோர்ட்டில் பேசிக்கொள்ள வேண்டியது. அம்மா வராமல் இருப்பதால் வழக்கு முடியாது, பிடியாணை மட்டும் அம்மாவின் பேரில் வரும்.

மஸ்கெலியா மகள்:
நான் உள்ளே பக்கத்தில் இருக்கலாமா?

கூண்டுப்பக்கம்:
நீங்களும் சாட்சி இல்லையென்றால் பின்வாங்கில் இருக்கலாம். அம்மா உங்களைத் திரும்பிப் பார்த்துப் பதில் சொன்னால் எதிரியின் லோயர் உடனே எழும்புவார். அம்மாவின் கண்ணில் படாத மூலையாகப் பார்த்து உட்காருங்கள். போனையும் அணைத்துவிடுங்கள்.